கோதுமையைச் சந்தேகப்படு மக்கா

மக்கா, நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யாரென்றுகூட முடிவாகவில்லை. இப்போதைக்கு வரிசையில் யாரும் நிற்கவும் இல்லை. எனக்கு வயது பதினேழு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, நர்சிங் படிக்க ஊரைவிட்டுக் கிளம்பப் பெட்டி கட்டுகிற நேரத்தில், உனக்கு அம்மா வேலை பார்க்க உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதே. மற்ற அம்மாக்கள் தலை நரைத்து மூட்டு வலி வந்தபிறகுதான் பிள்ளைக்குப் புத்தி சொல்லி எழுதுவார்கள். அதற்குள் பாதி மறந்துபோயிருக்கும், மீதிக்குப் பவுடர் பூசியிருப்பார்கள். நான் சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன். மீசையோ ஜிமிக்கியோ வைத்துக்கொண்டு நீ என்னை எதிர்த்துப் பேசுகிற வயது வந்ததும் இதை உன் கையில் தருவேன். அதுவரை புத்தி சொல்லாமல் இருப்பேன் என்று நினைத்துவிடாதே. அது வாய்மொழித் தேர்வு, இது எழுத்துத் தேர்வு.

இப்போதே எழுதக் காரணம் திருவனந்தபுரத்து டாக்டர். என் வயிற்றைப் பற்றிச் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இது குடும்பத்தில் வருகிற சங்கதி. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கும் வரலாம், வராமலும் இருக்கலாம்" என்றார். அப்படியானால் நான் உனக்கு எழுதிவைக்கப்போகும் ஆஸ்தி வீடோ வள்ளமோ இல்லை மக்கா, குடல். கோதுமையில் ஒரு பசை இருக்கிறது. குளூட்டன் என்பார்கள். அது உள்ளே போனால் என் உடம்புக்குப் புத்தி பேதலித்துத் தன் குடலையே தாக்க ஆரம்பித்துவிடும். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. கோதுமை தின்னாமல் இருப்பதுதான் வைத்தியம். நீ வளர்ந்து ஆளாகும்போது யாராவது ஒருவர் வெள்ளைக் கோட்டும் வெள்ளைச் சிரிப்புமாக உன் முன்னால் வந்து, "இது மரபணு மாற்றிய கோதுமை, உங்களைப் போன்றவர்களுக்காகவே செய்தது, தைரியமாகச் சாப்பிடுங்கள்" என்று ஒரு பொட்டலத்தை நீட்டக்கூடும். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் இந்தக் கடிதத்தைப் பிரி.

எங்கள் ஊர் கடியப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கடற்கரை. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போவார். அம்மா மீன் கூடையோடு தக்கலைச் சந்தைக்குப் பஸ் ஏறுவாள். சோறு, மீன், மரச்சீனிக் கிழங்கு, இந்த மூன்றுக்கும் வெளியே சாப்பாடு என்று ஒன்று உண்டென்று எங்கள் வீட்டில் யாரும் நம்பியதில்லை. ரேஷன் கடையில் கோதுமை போட்டால் பாதியைக் கோழிக்குப் போடுவோம். மீதியில் ஒரு பிடியை நான் வாயில் போட்டு மென்று மென்று பசையாக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவேன். கணக்கு டீச்சரின் நாற்காலிக்கும் சேலைக்கும் அந்தப் பசையால் நான் செய்துவைத்த திருமணங்கள் ஊரறிந்தவை. அவ்வளவுதான் எனக்கும் கோதுமைக்கும் உள்ள பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் கோதுமை என்னைப் பிடித்தது கன்னியர் மடத்து வழியாக.

கோயில் பூசையில் சாமியார் நற்கருணையாக நாக்கில் வைக்கிற வெள்ளை அப்பத்தை நாங்கள் ஓஸ்தி என்போம். மடத்து சிஸ்டர்மார் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து இரும்பு அச்சில் ஊற்றி, காகிதம்போல மெல்லிசாகச் சுட்டெடுப்பார்கள். அதிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டியபிறகு ஓரங்கள் மிஞ்சும், நிலா முழுவதையும் பிடுங்கிக்கொண்டுபோன வானம் மாதிரி ஓட்டை ஓட்டையாக. பூசைக்குப் போகாத துண்டு என்பதால் அதைச் சிறுபிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு என்றைக்காவது ஒரு கை கிடைக்கும். எனக்கு டப்பாவோடு கிடைக்கும், ஏனென்றால் மடத்துக்கு மீன் கொடுப்பது அம்மா. நான் பிறவி நோஞ்சான். கை கால் ஈர்க்குச்சி, வயிறு மட்டும் பலூன். பூச்சி மருந்து கொடுத்தார்கள். மிளகாயும் உப்பும் சுற்றிக் கண்ணேறு கழித்தார்கள். ஒன்றும் நடக்காமல் போகவே அம்மா தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். ஓஸ்தி ஓரத்தைப் பாலில் ஊறவைத்துக் காலையில் ஒரு கிண்ணம், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒரு கிண்ணம். ஆண்டவரைத் தொட்டுக்கொண்டிருந்த மாவு பிள்ளையைத் தேற்றாதா? நான் மெலிய மெலியக் கிண்ணம் பெரிதானது. கிண்ணம் பெரிதாக ஆக நான் மெலிந்தேன். இந்த இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்குமோ என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. மருந்தை யார் சந்தேகப்படுவார்கள்?

ஒருநாள் பள்ளிக்கூட அசெம்பிளியில் மயங்கி விழுந்தேன். வழக்கம்போல நடிக்கிறேன் என்று நினைத்து யாரும் தூக்க வரவில்லை. குறும்புக்காரர்களுக்கு இது ஒரு கஷ்டம். கடைசியில் அந்தத் திருவனந்தபுரத்து டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். ரத்தம் எடுத்தார், குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார். கோதுமை தின்பியா என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கும் குழப்பம். அப்போதுதான் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெருமையாகச் சொன்னாள்:

"கண்டதையும் குடுக்கதில்ல டாக்டரே. ஓஸ்தி ஓரம் மட்டும் குடுக்கேன். தெனமும் ரெண்டு நேரம், பாலுல போட்டு."

"அது எதில் செய்வது?"

"கோதும மாவுதான். சுத்தமானது. சிஸ்டர்மாரு கையால சலிச்சது."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, அந்த ஓரம்தான் என் குடலை அரிக்கிறது என்று சொன்னார். திரும்பி வரும்போது பஸ் குழித்துறை தாண்டியது. அம்மா அப்போது சொன்னாள்: "அவரு வேதக்காரரு இல்ல, அதான் அப்பிடிச் சொல்லுகாரு." வேதக்காரர் என்றால் எங்கள் ஊரில் கிறிஸ்தவர்.

அன்றிலிருந்து ஓரம் நின்றது. மூன்று நான்கு மாதத்தில் எனக்குக் கன்னம் என்ற ஒன்று முளைத்தது. அம்மா அதைப் பார்த்தாள், ஆனாலும் நம்பவில்லை. வயசுக்கு வந்தா எல்லாப் பிள்ளையும் தேறும் என்றாள். மோர் சாதத்துக்கும் சாளை மீன் பொரியலுக்கும் எங்கள் கரையில் பஞ்சம் இல்லாததால் சாப்பாட்டில் ஒரு தொந்தரவும் வரவில்லை. தொந்தரவெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். டாக்டர் ஒரு துணுக்குகூடக் கூடாது என்று சொல்லியிருந்தார். நற்கருணை நேரத்தில் ஊரே எழுந்து வரிசையில் போகும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எங்கள் ஊரில் அப்படி உட்கார்ந்திருந்தால் இரண்டே அர்த்தம். ஒன்று, வெளியே சொல்ல முடியாத பாவம் செய்திருக்கிறாய். இரண்டு, வேறு சபைக்குக் கைதட்டப் போகிறாய். அடுத்த வீட்டுப் புஷ்பம் சித்திக்கு இரண்டுமே பிடித்திருந்தன. அம்மா சந்தைக்குப் போனால் மீனை விட்டுவிட்டு என்னை விசாரித்தார்கள். அம்மாவுக்கு ஊர்ப் பேச்சு பாதி வலி. என் ஆத்துமம் பட்டினி கிடக்கிறதே என்பது மீதி.

பங்குச் சாமியாரிடம் நான்தான் போனேன். "சாமி, பச்சரிசி மாவுல ஓஸ்தி சுட்டா ஆண்டவர் எறங்கி வரமாட்டாரா? நம்ம ஊருக்கு வந்தா புட்டு திங்கமாட்டாரா?" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டி, நான் போட்ட சட்டமா அது? கோதும இல்லாம ஆகாது. கோதுமையிலயும் பசைய அறவே எடுத்துட்டா ஆகாது. அப்பம்னா கொஞ்சமாவது அது இருக்கணும்." பிறகு யோசித்துவிட்டு, "திராட்ச இரசத்த மட்டும் குடி. அதுலயும் முழு ஆண்டவர்தான் இருக்காரு" என்றார். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. "நீங்க பூசையில ஓஸ்திய ஒடிச்சு ஒரு துண்ட அந்த இரசக் கிண்ணத்துல போடுவீங்களே சாமி?" என்றேன். அவர் சிரிப்பு நின்றது. இத்தனை வருஷமாகத் தினமும் செய்கிற காரியத்தை அவரே அப்போதுதான் பார்த்ததுபோல இருந்தது முகம். "ஒனக்குத் தனிக் கிண்ணம் வைக்கேன்" என்றார். பார்த்தாயா, சாமியாரையே சந்தேகப்பட்டதால்தான் பிழைத்தேன். நான் குடிக்கப்போவது மிளகு ரசம் இல்லையே, பொம்பளப் பிள்ளை கிண்ணத்தைத் தூக்கி ஒயின் குடிப்பதா என்று அம்மா அதற்கும் அழுதாள். அடுத்து உறுதிபூசுதல் வரவிருந்தது, வளர்ந்த பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்துகிற சடங்கு, அதற்கு ஆயர், அதாவது பிஷப், வருவதாக இருந்தது. அன்றைக்கு ஊர் முன்னால் நான் என்ன செய்யப்போகிறேன் என்பதுதான் வீட்டில் பேச்சு.

அந்த நேரம் பார்த்து அண்ணன் செல்வின் லீவில் வந்தான். உனக்கு மாமா. வடக்கே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் மாணவன். அவன் வேலையே கோதுமையின் மரபணுவை மாற்றுவது. வள்ளக்காரன் மகன் கோதுமைக்குப் போன கதை தனி, போய்விட்டான், அவ்வளவுதான். வந்தவுடன் சப்பாத்தி கேட்டான், வாய் வடக்கே பழகிவிட்டது. தெங்காப்பட்டணத்துத் தோழி சொல்லித்தந்தபடி அரிசிமாவில் பத்திரி சுட்டு, சப்பாத்தி என்று வைத்தேன். நாலு தின்றுவிட்டு, "நல்ல மெதுவா இருக்கே, இது எந்த ரகக் கோதும?" என்று கேட்டான். ஒரு மாதம் இதைச் சொல்லிச் சொல்லியே அவனை ஓட்டினேன். நிபுணர்களைப் பற்றி எனக்கு வந்த சந்தேகத்துக்கு இது ஒரு நியாயமான ஆரம்பம் என்று நீயே ஒப்புக்கொள்வாய்.

தன் வேலையை அம்மாவுக்கு அவன்தான் சொன்னான், அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது. கோதுமை என்பது ஒரு புல் இல்லையாம். எந்தக் காலத்திலோ மூன்று புற்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து வந்ததாம். அதனால் ஒவ்வொரு மரபணுவும் மூன்று கூட்டத்திலும் இருக்கும். பசையைச் செய்கிறவையோ ஏகப்பட்டவை. "கோயில் பாட்டுக் கூட்டம் மாதிரிம்மா. ஒருத்தி வாய மூடுனா மத்தவளுக பாடிகிட்டே இருப்பாளுக. எல்லா வாயையும் மூடணும்." எப்படி மூடுவது? கட்டளை எழுதிய மரபணுவைத் தங்கத் தூளில் பூசித் துப்பாக்கியில் வைத்துக் கோதுமையின் இளம் கருவில் சுடுவார்களாம்.

"தங்கத்தையா சுடுகா? பவுன் விக்குற வெலைக்கு?" என்று அம்மா அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தாள்.

"கண்ணுக்கே தெரியாத தூளும்மா. சுட்டதுல முக்கால்வாசி செத்துப்போவும். பொழச்சதத் தட்டுல வச்சு வளத்துச் செடியாக்கணும். அதுலயும் பாதிக்குக் கட்டளை ஏறியிருக்காது. ஏறுனதுல பச கொறஞ்சிருக்கு. சில எடத்துல அப்பிடிப்பட்ட மாவுல ரொட்டியே சுட்டுப் பாத்திருக்கா."

"தின்னது யாரு?" என்றேன் நான்.

அண்ணன் தயங்கினான். "பெருசா யாரும் இன்னும் தின்னு பாக்கல. அதுக்கு இன்னும் வருசம் ஆவும். அப்ப ஒன்னப்போல ஆளுங்கதான் தின்னு பாக்கணும்."

"ஓ. நான் ஒனக்குத் தங்கச்சியா, எலிக்குஞ்சா?"

அவன் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். உலகத்தில் எங்கேயும் மாற்றிய கோதுமை இன்னும் கடைக்கு வரவில்லை, அவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்றான். நான் நெட் சென்டரில் உட்கார்ந்து படித்திருந்தேன். களைக்கொல்லி அடித்தாலும் சாகாத கோதுமை ஒன்றை வெளிநாட்டில் ஒரு பெரிய கம்பெனி செய்தது. கோதுமை வாங்குகிற நாடுகள் வேண்டாம் என்றதும் இரண்டாயிரத்து நாலில் கைவிட்டது. கைவிட்ட கோதுமை வருஷங்கள் கழித்து அமெரிக்காவில் ஒரு வயலில் தானாக நின்றுகொண்டிருந்தது, எப்படி வந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. "இது என்ன கவனம்?" என்றேன். அண்ணன், "அது வேற கோதும, இது வேற" என்றான். வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். களைக்கொல்லி வியாபாரத்துக்காகச் செய்ததும் நோயாளிக்காகச் செய்வதும் ஒன்றில்லை. ஆனால் மக்கா, அது வேற இது வேற என்று ஒருவர் சொல்லும்போது, எது யாருடையது, விதை யார் கையில், தின்று கெட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்று கேள். அண்ணனுக்கு அதில் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் தெரிந்திருந்தது.

அம்மாவுக்கு இந்த வழக்கெல்லாம் காதில் ஏறவில்லை. அவள் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று: என் வயிற்றுக்கு ஆகிற கோதுமை எங்கோ இருக்கிறது, அதன் சாவி தன் மகன் கையில் இருக்கிறது.

"மக்கா செல்வினு, ஒரே ஒரு பிடி கொண்டுவாடே. மடத்துல குடுத்து இவளுக்கு மட்டும் ஓஸ்தி சுட்டுரலாம்."

"அது வெளிய வரப்பிடாதும்மா. மிஞ்சுனா எரிச்சுருவோம். சட்டம்."

"கூடப்பொறந்தவளுக்கு ஒரு பிடி மாவு எடுக்க ஒனக்குக் கை வராதா? அந்தக் கோதும ஒனக்குத் தங்கச்சியா?"

"கொண்டுவந்தாலும் இவளுக்குக் குடுக்கமாட்டேன்!" அண்ணன் கத்திவிட்டான். "எல்லா வாயும் இன்னும் மூடலம்மா. மிச்சப் பச இருக்கு. எனக்கே நம்பிக்க இல்ல."

அவன் சொன்னதிலேயே நான் நம்பியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். தன் சரக்கைத் தானே சந்தேகப்படுகிறவன் பக்கத்தில் தைரியமாக உட்காரலாம். அதோடு எனக்கு வேறொன்றும் விளங்கியது. சாமியாருக்குக் கொஞ்சமாவது பசை இருக்கவேண்டும். அண்ணனுக்கு அறவே இருக்கக்கூடாது. இருவரும் பிடிவாதக்காரர்கள், இருவரும் நல்லவர்கள், நடுவில் கிடந்தது என் குடல். எத்தனை தங்கத்தைச் சுட்டாலும் இரண்டு பேரையும் திருப்திப்படுத்துகிற கோதுமை ஒன்று முளைக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

உறுதிபூசுதல் அன்று காலை அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். வெள்ளைப் பாவாடை, வெள்ளை ரிப்பன். பின்னி முடித்தும் கையை எடுக்கவில்லை. "ஏட்டி, இன்னைக்கு ஒரு தடவ மட்டும் வாங்கிரு. ஆயரு கையால. நகத்தளவு துண்டு. வயித்த ஆண்டவரு பாத்துக்குவாரு. எனக்காகத் தின்னுட்டி." அவள் அழவில்லை. அழுதிருந்தால் கேலி செய்து தப்பித்திருப்பேன். மீன் வாங்க வந்தவளிடம் விலை சொல்வதுபோல நேராகக் கேட்டாள். எனக்கு ஒரு நிமிஷம் சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஒரு துண்டுதானே, அம்மாதானே. அப்புறம் நினைத்தேன், கிண்ணம் கிண்ணமாக வந்ததும் இதே கையிலிருந்துதானே. "அம்மா, நீ தந்தா நான் எதையும் தின்னுருவேன். அதான் பயமா இருக்கு. தராத" என்றேன். அம்மாவின் விரல் ரிப்பனிலேயே நின்றது. பிறகு ரிப்பனை இழுத்து முடிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பூசையில் தனிக் கிண்ணம் வந்தது. அதை நோக்கி நான் நடந்தபோது கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமின்மை முழுவதும் என் முதுகில் இருந்தது. குடித்தேன். புளிப்பு. அவ்வளவுதான் சொல்ல முடியும். வெளியே வந்ததும் வாசலிலேயே புஷ்பம் சித்தி அம்மாவைப் பிடித்துக்கொண்டாள், நாலு பேர் கேட்கிற குரலில்: "என்ன ஜெசிந்தா, ஒம் மவளுக்கு ஓஸ்தி ஆகாதோ, ஒயினு மட்டும் எறங்குமோ?"

நான் வாயைத் திறந்தேன். என்னிடம் நல்ல பதில் ஒன்று தயாராக இருந்தது, சித்தி ஒரு வாரம் தூங்கமாட்டாள். அம்மா அதற்குமுன் பேசிவிட்டாள்.

"ஆகாது புஷ்பம். எம் பிள்ளைக்கு ஆகாது. நாந்தான் தெரியாம ஓரத்த ஊட்டி ஊட்டி அவ கொடல அரிச்சுப்போட்டேன். சின்ன வயசுலயே சாக வேண்டியவ, எங்கையால. இனி நான் குடுத்தாக்கூட அவ வாங்கமாட்டா, நீ குடுத்தா வாங்குவாளா?"

சித்தி போய்விட்டாள். ஊரும் போனது. அம்மா கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் சொன்னபோது நம்பாததை, என் கன்னம் முளைத்தபோது நம்பாததை, ஊர் முன்னால் சொல்லும்போதுதான் அவள் முதல்முறையாகத் தானே கேட்டிருக்கவேண்டும். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னிடம் வேடிக்கை எதுவும் கைவசம் இல்லை. "நீ நல்லதுக்குத்தான் தந்த" என்றேன். "அதான்ட்டி" என்றாள். "கெட்டதுக்குக் குடுத்திருந்தா எவனாவது தடுத்திருப்பான்."

ஆகவே மக்கா, நீ சந்தேகப்பட வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். கம்பெனியைச் சந்தேகப்படுவது சுலபம், அதற்குப் புத்தி வேண்டாம். நல்ல மனசோடு நீளுகிற கைதான் கஷ்டம். வெள்ளைக் கோட்டுக்காரர் உண்மையிலேயே உன்னைக் குணப்படுத்த விரும்பலாம். உன் செல்வின் மாமா தலை நரைத்து, எல்லா வாயையும் மூடிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு பொட்டலத்தோடு வந்தாலும் வரலாம், அவன் விடாக்கண்டன். அப்படி வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். நானும் ஒருநாள் சூடான சப்பாத்தி ஒன்றை இழுத்துப் பிய்த்துத் தின்ன ஆசைப்படுகிறவள். ஆனால் அவனிடம் கேள்: எத்தனை பேர் தின்றார்கள், எத்தனை நாள் தின்றார்கள், யார் பார்த்தார்கள், எது இன்னும் தெரியவில்லை. தெரியவில்லை என்ற பதிலைச் சொல்லக் கூச்சப்படுகிறவன் கையிலிருந்து வாங்காதே.

எல்லாப் பதிலும் சரியாக இருந்தால் வீட்டுக்குக் கொண்டு வா. மாவை நான் பிசைகிறேன். முதல் சப்பாத்தியை நான் தின்பேன், மறுநாளும், அதற்கு மறுநாளும். டாக்டரிடம் போய் ரத்தம் கொடுப்பேன், அந்தக் குழாயையும் இன்னொரு முறை விழுங்குவேன். அதுவரை நீ தொடாதே. எல்லாம் நன்றாக வந்து நானே உனக்கு ஒரு துண்டைப் பிய்த்து ஊட்ட வரும்போது, நான் உன் அம்மா என்பதற்காக வாயைத் திறந்துவிடாதே. என் குடல் வேறு, உன் குடல் வேறு. என் கையைப் பிடித்து நிறுத்தி, "எனக்கும் பரிசோதனை பண்ணியாயிற்றா?" என்று கேள். நான் கோபப்பட்டுக் கத்துவேன். ஊட்ட வந்த கையைத் தடுத்தால் எந்த அம்மாவும் கத்துவாள். அப்போதும் வாயைத் திறக்காமல் நீ என்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நீ என் பிள்ளைதான்.